வெள்ளிக்கிழமைக் கட்டை

11

ஆதிலட்சுமியின் அப்பன் சடையன் வாக்குக் கொடுத்துவிட்டுப் போன கதை போன வாரமே தெரியும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டக் கிளம்பியவன், கடப்பாரையைத் தோளில் சாய்த்தபடியே மச்சான் காசியிடம் சொன்னான்: "இன்னொரு வாட்டி இவ கழுத்துல கட்டை தொங்கட்டும். பள்ளிக்கூடத்தை நிறுத்திப்புடறேன். தையில நீ தாலியைக் கட்டு."

ஆதிலட்சுமிக்குப் பதினாலு வயது. தாய்மாமன் காசிக்கு முப்பதுக்கு மேல். கொத்து வேலை செய்கிறவன். அவளைத் தூக்கி வளர்த்த கைதான், இப்போது தாலி கட்டக் காத்திருந்தது.

கட்டை என்பது நிஜமாகவே மரக்கட்டை. உள்ளங்கை அகலம், நடுவில் ஓட்டை, ஓட்டையில் சணல் கயிறு. அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்குள் எவன் தமிழ் பேசினாலும் அவன் கழுத்தில் அது ஏறும். கழற்ற ஒரே ஒரு வழி. தமிழ் பேசுகிற இன்னொருத்தரைப் பிடித்து வாத்தியாரிடம் காட்டிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்போது எவர் கழுத்தில் கிடக்கிறதோ அவர் பெயர் ஹெட்மாஸ்டரிடம் போகும்.

பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதனால் பெரிய சேதமில்லை. உள்ளங்கையில் பிரம்படி, அம்பது தடவை எழுதுகிற தண்டனை, அவ்வளவுதான். முனிசிபல் ஸ்கூலில் முதலாவதாக வந்து, இலவச இடத்தில் சேர்ந்தவர்களுக்குச் சட்டம் வேறு. மூன்றாவது முறை பெயர் போனால் இடம் போச்சு.

ஆதிலட்சுமியின் பெயர் இரண்டு முறை போய்விட்டது.

* * *

அந்த வெள்ளிக்கிழமை தளம் போடுகிற நாள். பள்ளிக்கூடத்தை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த புது மாடியைக் கார்த்திகை தீபத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று நிர்வாகம் மேஸ்திரியைக் குடைந்துகொண்டிருந்தது. தீபத்துக்கு ஊரில் கால் வைக்க இடமிருக்காது. வகுப்பறையைக் கூட யாத்திரைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம்.

அந்தக் கட்டடத்தில்தான் ஆதிலட்சுமியின் அம்மா ராஜம்மாள் சித்தாள். காசி சேர்த்துவிட்ட வேலை.

விடியற்காலையில் தாயும் மகளும் சேர்ந்து நடந்தார்கள். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. ராஜம்மாள் சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னிக்கு உன் ஜன்னலுக்கு வெளியதான் பலகை போட்டிருக்கான். நாள் பூரா அதுல ஏறி எறங்குவேன். தலையைத் திருப்பிப் பாக்காத."

"பாத்தா என்னா? பாத்ததுக்கெல்லாம் கட்டை மாட்ட மாட்டாங்கம்மா."

"பாத்தா பேச்சு வரும்டி. எனக்கே வருது. கேட்டுக்குள்ள போயிட்டா நான் உனக்கு யாருமில்ல. புரியுதா?"

"உம்."

"உம்முன்னா பத்தாது. ஒன்னும் ஆவாம இன்னிக்கு ஒரு நாளைத் தள்ளிட்டா, அடுத்த வெள்ளி வரைக்கும் உங்கப்பன் வாயைத் தொறக்க மாட்டான்."

பின்னால் சைக்கிள் மணி அடித்தது. காசி. ஹேண்டில்பாரில் மட்டப்பலகை, கேரியரில் கரணை, உதட்டில் பீடி.

"ஏன்க்கா, இன்னும் ஒரே வாட்டிதான பாக்கி?"

"வாயை மூடுடா. வேலைக்குப் போற நேரத்துல."

"நான் என்னா தப்பா சொல்லிட்டேன்? இங்கிலீஷ் பேசற பொண்டாட்டி எனக்கென்ன கசக்கவா போவுது? தினம் வூட்டு வாசப்படியில நின்னு, மேயி கமீன் சார்னு கேட்டுட்டு உள்ள வரட்டும்."

"எம்பொண்ணு டீச்சராவா. நீ அவ வூட்டுக்கு வெள்ளையடிக்க வருவ, போ."

காசி சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு. கதவு எப்படியும் திறக்கப்போகிறது, தட்டுவானேன் என்று வெளியே உட்கார்ந்திருப்பவனின் சிரிப்பு.

* * *

காலைப் பிரார்த்தனை முடிந்து வரிசை கலையும்போதே கட்டை அவள் கழுத்துக்கு வந்துவிட்டது.

முந்தின நாளிலிருந்து அது சகாதேவனிடம் இருந்தது. அரிசி மண்டிக்காரர் பிள்ளை. ஷூ போட்டுக்கொண்டு வருகிறவன். கூட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் வந்து, ஷூ குதிகாலைத் தூக்கி, செருப்பில்லாத அவள் கால் விரல்மேல் முழு எடையையும் வைத்து நின்றான்.

"அய்யோ அம்மா!"

"சார், ஷி இஸ் டாக்கிங் இன் டமில், சார்."

வலித்தால் அம்மா என்று அலறுவதும் தமிழ்தான் என்று சக்கரபாணி சார் முதல் மாதமே தீர்ப்புச் சொல்லியிருந்தார். 'அவுச்' என்று சொல்ல வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதிப் பத்துத் தடவை சொல்ல வைத்திருந்தார். விரல் நசுங்குகிறபோது ஆதிலட்சுமிக்கு அது ஞாபகம் வரவில்லை.

காலை முழுக்க அவள் வேட்டை நாய் மாதிரி காதை நீட்டிக்கொண்டு திரிந்தாள். தண்ணீர்ப் பானை அருகே நின்று பார்த்தாள். கக்கூஸ் பக்கம் போய் நின்று பார்த்தாள். கட்டைக்காரியைக் கண்டதும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு சிரித்தன.

மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் தர்மதேவி மட்டும்தான். நயினார் வீட்டுப் பெண். ஊரில் வயல், கிணறு, களத்துமேடு எல்லாம் உண்டு. டவுனில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். பலகையில் சட்டி சுமக்கிற ராஜம்மாள்தான் ஆதியின் அம்மா என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆதியே சொன்னது.

பேசினால் வம்பு. தர்மதேவி பேசவில்லை. தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதித் தோசையை எடுத்து ஆதியின் தட்டில் வைத்துவிட்டு, கட்டையைச் சுண்டி, 'போகட்டும் விடு' என்று கையைக் காட்டினாள்.

'உனக்குப் போகட்டும்' என்று ஆதி நினைத்துக்கொண்டாள். தோசையைத் தின்றாள்.

* * *

கடைசிப் பீரியட் சக்கரபாணி சாருடையது. வகுப்பில் வாத்தியாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்கிற வாக்கியங்களைக் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பிரம்பால் தட்டுவார். வகுப்பு முழுவதும் கத்த வேண்டும்.

"மே ஐ கம் இன், சார்?"

"மே ஐ கோ அவுட், சார்?"

"ஐ ஹேவ் எ டவுட், சார்."

"ப்ளீஸ் ரிப்பீட் இட் ஒன்ஸ் மோர், சார்."

பலகையில் இல்லாத வாக்கியத்தை அவர் காதில் வாங்க மாட்டார். பாதி வாக்கியம் சொன்னால் உட்காரச் சொல்வார். அவரும் ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளைதான். காலேஜில் சேர்ந்த புதிதில் அவர் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரித்ததாம். அந்தச் சிரிப்புக்கு இந்தப் பிள்ளைகளிடம் வட்டி வசூலித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே சித்தாள்களின் வரிசை. ஜல்லியும் சிமெண்டும் குழைத்த கலவை சட்டி சட்டியாகப் பலகைமேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கேட்டாள்:

"ஏ ராஜம், உள்ள என்னாடி கேக்குதுங்க இப்புடி ஒப்பாரி வெச்சு?"

"தண்ணி குடிக்கப் போவலாமானு கேக்குதுங்க."

"அதுக்கா இம்மாம் பெரிய பாட்டு? நம்மள மாதிரி சட்டியைப் போட்டுட்டுப் போயி குடிக்க வேண்டிதான?"

"நீ போட்டுட்டுப் போயி பாரேன். மேஸ்திரி உனக்கு வேற பாட்டு பாடுவான்."

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. ஆதி தலையைத் திருப்பவில்லை.

கடைசி மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும். முதலில் இரும்புச் சட்டி கல்லில் மோதுகிற சத்தம். அப்புறம் மூட்டை விழுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகுதான் பெண்களின் கூச்சல்.

"அய்யய்யோ, ராஜம் வுழுந்துட்டா! ராஜம் வுழுந்துட்டாடி!"

மேலே இருந்து காசியின் குரல். அக்காவின் பெயரைக் கேட்டவன்தான். அப்படியும் அவன் கத்தியது இதுதான்:

"லைனை நிறுத்தாதீங்க! நடுவுல நின்னா தளம் ஒட்டாது, விரிசல் வுட்டுடும்! ரெண்டு பேரு அவளைப் பாருங்க, மத்தவங்க சட்டியைக் குடுங்க!"

ராஜம்மாள் நின்ற இடத்தைப் பக்கத்துப் பெண்கள் இரண்டு அடி நெருங்கி மூடிக்கொண்டார்கள். சட்டி மறுபடியும் ஏறியது.

சக்கரபாணி சார் மேசையைத் தட்டினார். "அட்டென்ஷன்! தர்மதேவி, க்ளோஸ் தி விண்டோ."

ஆதி எழுந்து நின்றாள். கை தானாகவே நீண்டது.

"மே ஐ கோ அவுட், சார்?"

"ரீசன்?"

காரணம் தொண்டை வரைக்கும் வந்தது. கரும்பலகையைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கப் போக வாக்கியம் இருந்தது. மூக்குச் சிந்தப் போக இருந்தது. சாக்பீஸ் எடுத்து வரப் போகக்கூட இருந்தது. கழுத்தில் கட்டையோடு, கேட்காமல் வெளியே ஓடினால் அதுவே மூன்றாவது முறை. முப்பது தலைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"டு... ட்ரிங்க் வாட்டர், சார்."

"பெல் அடிக்கட்டும்" என்பதை அவர் இங்கிலீஷில் சொன்னார். "சிட் டவுன்."

ஆதி உட்கார்ந்தாள்.

ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தப் போன தர்மதேவி கீழே பார்த்துவிட்டாள். மறு கதவைச் சாத்த மறந்து, பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆதியின் காதருகே குனிந்தாள்.

"ஆதி, உங்கம்மாடி. மண்ணுல கெடக்குறாங்க. எழுந்திருக்கல. கேக்காத, ஓடு."

வெளியே ஜன்னலை ஒட்டிச் சாரக் கம்பு ஆடியது. யாரோ இறங்குகிறார்கள்.

ஆதி மறுபடியும் எழுந்தாள். வாய் தவறி வந்துவிட்டது என்று பின்னாளில் அவள் பல பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். வாய் தவறவில்லை. எழுந்திருக்கிற அந்த நேரத்துக்குள் அவள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி அடிக்கப் போகிறது. தர்மதேவிக்கு இது அம்பது தடவை எழுதுகிற வேலை. தனக்குத் தை மாசம்.

"சார், ஷி இஸ் டாக்கிங் இன் டமில், சார்."

இழுப்பில்லை, திக்கலில்லை. முழு வாக்கியம்.

"குட்" என்றார் சக்கரபாணி சார். "கிவ் இட் டு ஹர்."

ஆதி கயிற்றைத் தலைக்கு மேலாகக் கழற்றினாள். தர்மதேவி கழுத்தை நீட்டவில்லை, விலக்கவும் இல்லை. ஆதியே மாட்டிவிட்டாள். சணல் அவள் சடையில் சிக்கியது. அதையும் ஆதியே விடுவித்துச் சரிசெய்தாள்.

தர்மதேவி அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பெஞ்சைத் தள்ளிக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்காமல், கழுத்தில் கட்டை ஆட வெளியே நடந்தாள். வாசலைத் தாண்டியதும் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஹூ பர்மிட்டட் யூ? கம் பேக்!"

அவள் திரும்பவில்லை. சக்கரபாணி சாருக்கு முகம் கறுத்தது. பிரம்பைச் சுழற்றி ஆதியைக் காட்டினார்.

"யூ. லாஸ்ட் சென்டென்ஸ். ரீட்."

ஆதி பலகையைப் பார்த்து வாசித்தாள்.

"தேங்க் யூ, சார். ஐ ஹேவ் அண்டர்ஸ்டுட், சார்."

"வெரி குட்."

* * *

மணி அடித்தது. ஹெட்மாஸ்டரிடம் போன பெயர் தர்மதேவி.

ஆதி வெளியே வந்தபோது பலகைக்கு அடியில் யாரோ புது மணலை அள்ளிப் போட்டிருந்தார்கள். சித்தாள் சந்திரம்மாள் தலையில் சட்டியோடு நின்றபடியே சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில எடுத்துட்டுப் போயிட்டாங்க. இடுப்புல அடி. உங்க கிளாசு பொண்ணு ஒன்னு ஓடியாந்துதே, அதான் வண்டியில தலையைப் புடிச்சுக்கிட்டுப் போவுது. நீ எங்கடி இருந்த?"

"கிளாஸ்ல."

"கிளாசுலயா?" என்றாள் சந்திரம்மாள். பின்னாலிருந்தவள் சட்டியால் முதுகில் இடித்தாள். வரிசை நகர்ந்தது.

ஆஸ்பத்திரி வரைக்கும் ஆதி ஓடினாள். தேரடித் தெருக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஓடினாள். ஓட்டத்தில் ஒரு தரம் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஒன்றும் இல்லை. அந்த நேரத்திலும் மனசு லேசானது. அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அறைந்துகொள்ளவில்லை.

* * *

வார்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். ராஜம்மாளின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பலகை வைத்துக் கட்டியிருந்தது. முடியெல்லாம் சிமெண்டு காய்ந்து, ஒரே நாளில் நரைத்தவள் மாதிரி கிடந்தாள்.

டாக்டர் சொன்னதை நர்சு ஆதியிடம் சொன்னாள். இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது. காலையில் வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும். உயிருக்குப் பயமில்லை. ஆனால் இனிமேல் தலையில் சுமை ஏற்ற முடியாது.

ராஜம்மாள் கண்ணைத் திறந்ததும் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள்.

"கட்டை?"

"இல்லம்மா. என் கழுத்துல இல்ல."

"பேரு போவலையே?"

"போவல."

"அப்பாடி." சிரிக்கப் பார்த்தாள். வலி பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ எங்க ஓடியாந்துடுவியோன்னு கீழ கெடக்கும்போதே பயந்துக்கினு இருந்தேன்டி. நல்ல வேள, உனக்குக் கேக்கல போல."

ஆதி தலையை ஆட்டினாள்.

"அந்த நயினார் வூட்டுப் பொண்ணு வந்துச்சு. நீ சொல்லுவியே, அதான். என் தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிச்சு. பாவாடையெல்லாம் ரத்தம். இப்பத்தான் அவங்க அத்தை வந்து கூட்டிக்கினு போனாங்க." ராஜம்மாள் மூச்சு வாங்கினாள். "அது கழுத்துல கட்டை இருந்துச்சு, ஆதி. அவ்ளோ நல்ல பொண்ணு கழுத்துல. எவ மாட்டினாளோ, அவ நாக்கு அழுவிப் போவ. வெளங்குவாளா அவ?"

"வெளங்குவாக்கா. ஏன் வெளங்க மாட்டா?"

காசி. வாசலில் நின்றிருந்தான். முழங்கை வரைக்கும் சிமெண்டு. கையில் வாழையிலைப் பொட்டலம். தளம் போட்டு முடித்தால் வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். அக்காவின் பங்கை வாங்கி வந்திருந்தான்.

"தளம் முடிஞ்சுதாடா?" என்றாள் ராஜம்மாள்.

"முடிஞ்சுதுக்கா. ஒரு விரிசல் இல்ல."

"நீ நிறுத்திட்டு எறங்கி வந்துடுவியோன்னு பயந்தேன். மேஸ்திரி வேலையை வுட்டே தொரத்தியிருப்பான்."

"அது தெரிஞ்சுதான வரல." பொட்டலத்தை வைத்தான். "அந்தப் பொண்ணையே கேளேன்க்கா, எவ மாட்டினான்னு."

"கேக்கணும். காலையில நாம கெளம்பறதுக்குள்ள வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. கேட்டா சொல்லும்."

காசி ஆதியைப் பார்த்து, வெளியே வா என்று கண்ணைக் காட்டினான்.

வராந்தாவில் ஒரு கிழவன் சுருண்டு கிடந்தான். அவனைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் நின்றார்கள். காசி சுற்றி வளைக்கவில்லை.

"உன்னைக் கூப்புடத்தான் சாரத்துல பாதி எறங்கி வந்தேன். ஜன்னலு தொறந்து கெடந்துச்சு."

ஆதி தன் நசுங்கின கால் விரலைப் பார்த்தாள்.

"நீ என்னா சொன்னேன்னு புரியல. எனக்கெங்க இங்கிலீசு? கட்டை ஒரு கழுத்துலேருந்து இன்னொரு கழுத்துக்குப் போனது புரிஞ்சுது. அதுக்கப்புறம் நீ உக்காந்ததும் புரிஞ்சுது."

"நீயும் எறங்கி வரல, மாமா. பாதியில திரும்பி ஏறிட்ட."

"ஆமா. நான் கொத்தன். தளம் நிக்கக் கூடாது. இப்ப உங்கம்மாவே சொன்னா, கேட்டியே. ஊர்ல ஒருத்தன் என்னைக் கேக்க மாட்டான்." பீடியைப் பற்ற வைத்தான். "நீ பொண்ணு. உன்னை எது புடிச்சு உக்கார வெச்சுது?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் கண்ணைத் துடைக்க வருவான் என்று தோன்றியதும் அடக்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழமை உங்கப்பன் வருவாரு" என்றான் காசி. "அவரண்ட தையைப் பத்தி நான் பேசப்போறதில்ல. நீ பேசு. படிச்சது போதும், மாமனைக் கட்டிக்கிறேன்னு உன் வாயாலேயே சொல்லு. இங்க உங்கம்மாவண்ட நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். அந்த நயினார் பொண்ணையும் காலையில வாசலோட பேசித் திருப்பி அனுப்பறேன். உள்ள வுட மாட்டேன்."

"நான் மாட்டேன்னா?"

"கதவைத் தொறந்து வுடறேன். வந்து பேசிட்டுப் போவட்டும்."

அவன் குரலில் மிரட்டலே இல்லை. சட்டிக்கு இத்தனை ஜல்லி, இத்தனை சிமெண்டு என்று கணக்குச் சொல்கிற குரல். கிழவன் இருமினான்.

உள்ளேயிருந்து ராஜம்மாள் கூப்பிட்டாள். "ஆதி! யாரண்டடி பேசிக்கினு இருக்க?"

"மாமாவண்டம்மா."

"என்னா சொல்றான்?"

காசி புகையை இழுத்து நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். ஆதி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ... நீ வேலூர்லேருந்து திரும்பி வர வரைக்கும் மாமாவே எல்லாத்தையும் பாத்துக்கிறேன்னு சொல்றாரும்மா."

பிறகு ராஜம்மாள் அழுகிற சத்தம். விழுந்ததிலிருந்து அவள் அழுவது அதுதான் முதல் தடவை.

"அவன் சொல்றதைக் கேட்டு நடந்துக்கோடி" என்றாள். "அவனை வுட்டா நமக்கு வேற யாரு இருக்கா?"